சென்னைக்குப் போய்ச் சேராத பீங்கான்

சாப்பிடும் தட்டுக்கு மலாய்மொழியில் பெயர் 'பிங்கான்'. தமிழில் 'பீங்கான்'. 'மங்கோக்' என்று மலாயில் சொல்லும் கிண்ணத்தைத் தோட்டப்புறத் தமிழர்கள் 'மங்கு' ஆக்கிக் கொண்டார்கள். பால்மரத்தில் கட்டிய மங்கு, வீட்டில் கஞ்சி குடித்த மங்கு என்று இரண்டும் ஒரே சொல்தான். மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரத்துக்கு இரண்டு மொழியிலும் 'கெண்டி' என்று பெயர். பாரசீக மொழியிலும் பீங்கானை ஒத்த சொல் ஒன்று கிண்ணத்துக்கு உண்டு.

ஒரே பொருளுக்கு மூன்று கரைகளில் ஒரே மாதிரிப் பெயர் வழங்குகிறது என்றால், அந்தப் பொருள் கப்பலேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்த வழியாகப் போனது? கிள்ளான் துறைமுகத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே, அந்த நீரிணை வழியாகத்தான்.

பீங்கான் வாணிபத்தின் வரலாறு என்று எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேரைத்தான் சொல்வார்கள். செய்தவர் சீனர், வாங்கியவர் ஐரோப்பியர். நடுவில் இருந்த மலாக்கா நீரிணை வெறும் வழி. தமிழகத்தின் சோழமண்டலக் கரைக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தக் கணக்கு சரியானதல்ல. மலாக்காவுக்கு அருகே கடலடியில் 176 ஆண்டுகள் கிடந்த ஒரு கப்பல் அதற்குச் சாட்சி. அதன் பெயர் டயானா. 1817 மார்ச்சில் மூழ்கியபோது அது லண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போய்க்கொண்டிருக்கவில்லை. சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் பீங்கான் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது.

டயானாவின் கதைக்கு வருமுன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மண்ணைச் சுட்டால் செங்கல். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது. 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக் கூரைக்கும் மரச்சுவருக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று ஆங்கிலேய நிர்வாகம் வற்புறுத்தியது. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் அது. பீங்கானும் சுட்ட மண்தான். ஆனால் எந்த மண்ணும் பீங்கானாகிவிடாது. சீனாவின் ஜிங்டெஜென் நகரத்தார் வெள்ளைக் களிமண்ணோடு ஒருவகைக் கல்லையும் பொடித்துக் கலந்து, ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டார்கள். பக்கத்திலிருந்த காவோலிங் என்ற ஊரின் பெயரால் அந்தக் களிமண்ணை இன்றும் உலகம் கயோலின் என்கிறது. சுட்டெடுத்த பாத்திரம் கண்ணாடிபோல் பளபளத்தது, தண்ணீரை உறிஞ்சவில்லை, தட்டினால் மணிபோல் ஒலித்தது.

ஐரோப்பியருக்கு இந்த வித்தை பிடிபடவே இல்லை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ் மன்னருக்குப் பீங்கான் மீது அப்படி ஒரு வெறி. 1717-இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 பீங்கான் பொருள்களை வாங்க, தம்முடைய 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்தார். ஒரு ஜாடிக்கு நாலு சிப்பாய் என்ற விலை! தங்கம் செய்து தருவதாகச் சொன்ன பொட்கர் என்ற இளைஞனை இதே மன்னர்தான் காவலில் வைத்து ஆராய்ச்சி செய்ய வைத்தார். தங்கம் வரவில்லை, 1708-க்குப் பிறகு பீங்கான் வந்தது. 1710-இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. அதுவரை ஐரோப்பாவுக்கு நல்ல பீங்கான் வேண்டுமென்றால் ஆசியக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தமிழர்களுக்கு அந்தப் பீங்கான் புதியதல்ல. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகளில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. நொபோரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞரும் தமிழகத்து ஆய்வாளர்களும் அவற்றை ஆராய்ந்தார்கள். சோழர் தலைநகரான கங்கைகொண்டசோழபுரத்திலும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வாஸ்கோடகாமா பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்த வியாபாரம் இது.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர் நைனா சத்து என்ற தமிழ் வணிகர். அவருக்குப் போர்த்துகீசியர் பெண்டஹாரா பதவி கொடுத்தார்கள். நாட்டைப் பிடிக்க வந்தவனோடு கைகோத்தவர் என்று அவர்மேல் குற்றம் சொல்லலாம். அது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: 1513-இல் ஜோர்ஜ் ஆல்வாரெஸ் சீனக் கரையை அடைந்தார் என்று, ஐரோப்பியர் கடல்வழியாகச் சீனா போன முதல் பயணமாக எழுதுகிறார்களே, அவர் போனது மலாக்காவிலிருந்து புறப்பட்ட ஒரு மரக்கலத்தில். அந்த மரக்கலத்தில் நைனா சத்துவின் முதலீடும் இருந்தது. ஐரோப்பாவின் சீன வாணிபம் தொடங்கிய நாளிலேயே தமிழர் பணம் அதில் போடப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஆல்வாரெஸ் பெயர் வருகிறது. நைனா சத்துவின் பெயர் அந்த இடத்தில் வருவதில்லை.

அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் வாங்கித் தொடங்கவில்லை, பிடுங்கித் தொடங்கினார்கள். 1603 பிப்ரவரி 25-ஆம் நாள், மக்காவிலிருந்து வந்த சாந்தா கத்தரினா என்ற போர்த்துகீசியக் கப்பலை, ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் மடக்கினார். ஜொகூர் அரசு டச்சுக்காரர் பக்கம் இருந்தது. கப்பலில் பட்டு, கஸ்தூரி, ஏராளமான பீங்கான். 1604-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோது கிடைத்த தொகை சுமார் 35 இலட்சம் கில்டர். நீலமும் வெள்ளையுமான அந்தப் பாத்திரங்களைப் பார்த்து வட ஐரோப்பா மயங்கியது. அந்த வகைப் பீங்கானுக்கு 'கிராக்' என்று பெயர் வந்தது; போர்த்துகீசியரின் 'கராக்கா' என்ற கப்பல் வகையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இந்தக் கொள்ளையை நியாயப்படுத்த டச்சுக் கம்பெனி ஒரு வழக்கறிஞரைப் பிடித்தது. அவர்தான் ஹியூகோ குரோஷியஸ். கடல் எல்லாருக்கும் பொது என்று அவர் எழுதிய வாதம் 1609-இல் நூலாக வெளிவந்து, பிற்காலக் கடல்சட்டத்துக்கே அடிப்படையானது. அதன் பிறப்பிடம் ஜொகூர்க் கடல்.

சரி, பிடுங்குவதை எல்லா நாளும் செய்ய முடியுமா? வாங்கத்தான் வேண்டும். எதைக் கொடுத்து வாங்குவது? இங்கேதான் சோழமண்டலக் கரை வருகிறது. ஐரோப்பியரின் கம்பளித் துணியை இந்த வெயில் ஊர்களில் யார் வாங்குவார்? தீவுகளில் மிளகும் கிராம்பும் கேட்டவர்களிடம் அங்குள்ளவர்கள் கேட்டது தமிழகத்துப் பருத்தித் துணியை. சோழமண்டலத் துணி இல்லாவிட்டால் மொலுக்கஸ் தீவு வியாபாரமே செத்துவிடும் என்ற கருத்தில் டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் 1612-இல் மேலிடத்துக்கு எழுதினார். அதற்காகவே டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஆங்கிலேயர் சென்னையிலும், டேனியர் தரங்கம்பாடியிலும் உட்கார்ந்தார்கள். தறியில் நெய்த துணி தீவுகளில் மிளகாக மாறியது; மிளகும் வெள்ளியும் சீனாவில் பட்டாகவும் தேயிலையாகவும் பீங்கானாகவும் மாறின.

கிள்ளானுக்கும் இதில் பங்கு உண்டு. சீனர்கள் விரும்பி வாங்கிய சரக்குகளில் ஒன்று ஈயம். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், ஈயம் கொடுக்கும் ஊர்களின் வரிசையில் கிள்ளானையும் குறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் டச்சுக்காரர் இந்த ஈயத்தைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று சிலாங்கூரை நெருக்கினார்கள்; 1784-இல் கோலசிலாங்கூர்க் குன்றின் மேல் அவர்களே ஏறி உட்கார்ந்ததும் உண்டு.

கப்பலில் பீங்கானை ஏற்றும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. தேயிலையும் பட்டும் நனைந்தால் போயிற்று. பீங்கானுக்குத் தண்ணீரால் கேடில்லை, கனமும் உண்டு. ஆகவே பெட்டி பெட்டியாகப் பீங்கானை அடித்தளத்தில் அடுக்கி, அதன்மேல் தேயிலையை ஏற்றினார்கள். கப்பல் ஆடாமல் நிற்கப் பாரமும் ஆயிற்று, விற்றால் காசும் ஆயிற்று. கப்பல் மூழ்கினால் தேயிலை கரைந்துபோகும். பீங்கான் மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். இன்று கடலடியில் அள்ளி எடுக்க முடிவதற்கு அதுதான் காரணம்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காற்று திசை மாறியது. இங்கிலாந்திலேயே நல்ல பாத்திரங்கள் மலிவாக உற்பத்தியாயின. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791-இல் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. அதோடு வியாபாரம் முடிந்துவிடவில்லை. கம்பெனியிடம் உரிமம் வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் ஓடிய தனியார் கப்பல்கள் இருந்தன. நாட்டுக் கப்பல்கள் என்பார்கள். போகும்போது இந்தியப் பருத்தியும் அபினும். திரும்பும்போது பட்டு, கற்பூரம், கற்கண்டு, பீங்கான். அபின் பணத்தில் வாங்கிய கற்பூரம் கோயிலில் எரிந்திருக்கும் என்பதையும் வரலாறு மறைத்து வைக்கவில்லை.

டயானா இந்த வகைக் கப்பல். அது நீரிணைக்குள் வந்தபோது மலாக்கா, டச்சுக்காரரிடமிருந்து கைமாறி ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தது. வில்லியம் பர்குவார் அங்கே அதிகாரி. சிங்கப்பூரில் ஆங்கிலக் கொடி ஏற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மலாக்காவை நெருங்கிய நேரத்தில் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது.

அதில் இருந்தவை அரண்மனைச் சாமான்கள் அல்ல. ஒரு சிறு பகுதி நல்ல சாப்பாட்டு மேசைத் தட்டுகள். சென்னையிலும் பிற ஊர்களிலும் இருந்த ஆங்கிலக் குடும்பங்களுக்கானவை. பெரும்பகுதி சீனத்து நாட்டுப்புறச் சூளைகளில் சுட்ட, அவசரத் தூரிகையில் நட்சத்திரம்போல் கோடிழுத்த சாதாரணத் தட்டுகளும் கிண்ணங்களும். கடையில் அடுக்கி வைத்து விற்கும் ரகம். சென்னைக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள்; உடைந்தால் இன்னொன்று வாங்கியிருப்பார்கள். அரசர்களின் பீங்கானைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. அன்றாடம் சோறு போட்டுச் சாப்பிட்ட பீங்கான் எப்படி இருந்தது, எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போனது என்று நாள் கிழமையோடு காட்டும் சான்று அபூர்வம். டயானாவின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

புதையல் தேடும் கூட்டத்துக்கு வேறு மதிப்பு தெரிந்தது. 1752-இல் ரியாவ் தீவுகளுக்கு அருகே மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் பீங்கானை 1985-இல் மைக்கேல் ஹாட்சர் எடுத்து, மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதில் கோடிக்கணக்கான பணம் புரண்டது. இந்தோனேசியாவுக்கு ஒரு காசும் வரவில்லை. அதன் பிறகு தென்கிழக்காசியக் கடலடியை எல்லாரும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மலேசியா ஒப்பந்தம் போட்டது. 1991 ஆகஸ்டில், டோரியன் பால் என்பவரின் மலேசியன் ஹிஸ்டாரிக்கல் சால்வர்ஸ் நிறுவனத்துக்கு டயானாவைத் தேடி எடுக்க உரிமை கொடுத்தது. நிபந்தனை எளியது: கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் செலவு நிறுவனத்தின் தலையில். தேடித் தேடி 1993 டிசம்பரில் கப்பலைக் கண்டார்கள். ஏறத்தாழ 24,000 பீங்கான் பொருள்கள் மேலே வந்தன. 1995 மார்ச்சில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டது. கிடைத்தது சுமார் 29 இலட்சத்து 80 ஆயிரம் அமெரிக்க டாலர். கணக்குப் போட்டால் ஒரு பொருளுக்குச் சராசரி நூறு டாலர் சொச்சம்.

பங்கு பிரிப்பதில் சண்டை வந்தது. ஒப்பந்தப்படி தங்களுக்கு 70 விழுக்காடு வர வேண்டும், 12 இலட்சம் டாலர்தான் வந்தது, அது 40 விழுக்காடுதான் என்றது நிறுவனம். அரசு விற்காமல் வைத்துக்கொண்ட பொருள்களின் மதிப்பே 4 இலட்சம் டாலருக்கு மேல், அதிலும் பங்கு தரவில்லை என்றது. கோலாலம்பூரில் நடுவர் மன்றம், உயர்நீதிமன்றம் என்று ஏறி இறங்கியும் பலன் இல்லை. 2004-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அனைத்துலக முதலீட்டுத் தகராறு தீர்வு மையத்துக்குப் போனது.

அங்கே எழுந்த கேள்விதான் விசித்திரம். பங்கு எவ்வளவு என்பது பின்னால். மூழ்கிய பீங்கானை எடுப்பது 'முதலீடு' ஆகுமா என்பது முதலில். அரசுத் தரப்பு ஆகாது என்று வாதிட்டது. 2007 மே 17-ஆம் நாள், தனி நடுவரான சிங்கப்பூரின் மைக்கேல் ஹ்வாங் தீர்ப்புச் சொன்னார். ஏறத்தாழ நாலு ஆண்டு உழைப்பு உண்மைதான். ஆனால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை பண்பாட்டு நன்மை, வரலாற்று நன்மை. பொருளாதார வளர்ச்சிக்குச் சொல்லத்தக்க பங்களிப்பு இல்லை. ஆகவே இது முதலீடு அல்ல, வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை என்றார். 2009 ஏப்ரல் 16-ஆம் நாள், மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மலேசியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையில் முதலீடு என்பதற்கு விரிவான பொருள் இருக்கிறது, நடுவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. நாட்டின் வளர்ச்சிக்கு உதவாததை முதலீடு என்று எப்படிச் சொல்வது என்று மாற்றுக் கருத்து எழுதினார் முகமது ஷகாபுதீன். டயானா வழக்கை இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரு தரப்பும் வெட்கப்பட வேண்டிய இடம் பங்கு விகிதம் அல்ல. ஒரே கப்பலில், ஒரே பயணத்தில், ஒன்றாகப் பெட்டியில் அடுக்கிய 24,000 பொருள்கள் ஏல எண் ஒட்டப்பட்டுச் சிதறிப் போயின. எந்தப் பெட்டியில் எத்தனை தட்டு, எது எதோடு சேர்ந்திருந்தது என்பதில்தான் வியாபாரத்தின் கணக்கு இருக்கிறது. சிதறிய பிறகு ஒவ்வொரு தட்டும் வெறும் பழைய தட்டு. 2005-இல் நிறைவேறிய தேசிய மரபுடைமைச் சட்டம் கடலடிப் பொருள்களையும் தன் காவலுக்குள் கொண்டுவந்தது. டயானாவைப் பொறுத்தவரை அது பத்து ஆண்டு தாமதம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1606-இல் தஞ்சோங் துவானுக்கு அருகே போர்த்துகீசியரோடு நடந்த கடற்போரில் மூழ்கிய நாசாவ் என்ற டச்சுக் கப்பலை 1995-இல் அகழ்ந்தார்கள். ஆக்ஸ்பர்ட் பல்கலைக்கழகத்தாரும் தேசிய அரும்பொருளகத்தாரும் அந்தப் பணியில் இருந்தார்கள். அந்தப் பொருள்கள் போர்ட்டிக்சனுக்கு அருகே லுக்குட் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு போய்த் திரும்பிவிடலாம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் அமைந்த ஆசியக் கலை அரும்பொருளகத்தில் கெண்டிகளின் பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. தென்கிழக்காசியருக்கென்று சீனக் குயவர் செய்த கெண்டியை டச்சுக்காரர் ஐரோப்பாவுக்கும் கொண்டு போனார்கள். மேற்காசியாவில் அதையே ஹூக்காவுக்கு அடிப்பாத்திரமாக வைத்துப் புகைத்தார்கள். பூசையில் தண்ணீர் விட ஏற்பட்ட பாத்திரத்தின் தலைவிதி அப்படி!

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரல் நிலையத்தைத் தாண்டி நடந்தாலே தேசிய அரும்பொருளகம் வந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சீனப் பாத்திரங்களுக்கு முன் நம்மவர்கள் அதிகம் நிற்பதில்லை. சீனர் செய்தது, வெள்ளைக்காரர் வாங்கியது, நமக்கென்ன என்ற நினைப்பு. நாகப்பட்டினத்துத் தறியும், கிள்ளான் ஈயமும், நைனா சத்துவின் முதலும் அந்தப் பெட்டிக்கு அருகே எழுதி வைத்த அட்டையில் இல்லை. அட்டையில் இல்லாததைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரும் ஆசிரியர்களும்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்து மங்கும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் நீண்ட டிராகன் சூளைகளில் சுட்டு அனுப்பிய பால் மங்குகளை விடியற்காலையில் துடைத்து மரத்தில் வைத்த கைகள் தமிழர் கைகள். பிறகு பிளாஸ்டிக் வந்தது. மண் மங்குகள் பழம்பொருள் கடைக்குப் போயின.

டயானாவின் தட்டுகள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் வியாபாரிகள் இணையத்தில் படம் போடுகிறார்கள். தட்டைக் கவிழ்த்தால் அடியில் கிறிஸ்டீஸ் ஒட்டிய ஏல எண் இருக்கும். சென்னையில் ஒருவர் விரும்பினால் அதை வாங்கலாம், விமானத்தில் வந்துவிடும்.